முனியறையில் வாங்கிய அறை

மேல் டிவிஷன் லயம்,
போடிமெட்டு வழி.
28-10-1975, செவ்வாய் இரவு.

வணக்கத்துக்குரிய பொன்ராஜ் மாமா அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்கள் உடன்பிறந்த தங்கை மூக்கம்மாளின் மூத்த மகள் வேலுத்தாய் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, சின்னதுகள் இரண்டு, கறுப்பு ஆடு, அதன் குட்டி எல்லாரும் சௌக்கியம். நான் ஒருத்தி மட்டும் சௌக்கியமில்லை என்று இந்த எஸ்டேட் லயத்தில் வீட்டுக்கு வீடு பேசிக்கொள்கிறார்கள். அங்கே தாங்களும் அத்தையும் தங்களுடைய வாடகை சைக்கிள்கள் அனைத்தும் பஞ்சர் இல்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். யாரை வேண்டுகிறாய் என்று கேட்டுவிட வேண்டாம். தாங்கள் சாமி இல்லை என்கிற பக்கம் என்பது தெரியும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கம்பளிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு அப்பாவுடைய டார்ச் லைட்டில் எழுதுகிறேன். எழுத்து மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போனால் மன்னிக்கவும். யாராவது இருமினால் லைட்டை அணைத்துவிட்டுக் குறட்டை விடுகிறேன். ஏனென்றால் கம்பளிக்குள் வெளிச்சம் தெரிவதை அம்மா பார்த்தால் முனி கண்ணைத் திறந்துவிட்டது என்று அலறுவாள். அப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டார்கள், இப்பவே கோடாங்கியைக் கூப்பிட ஆள் இறங்கிவிடும். முனி என்கிறாள், கோடாங்கி என்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தாங்கள் நினைக்கலாம். காய்ச்சல் இல்லை மாமா. விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பேய் ஓட்டப் போகிறார்கள். மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய எனக்கு!

அந்தப் பேச்சைத் தாங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை இந்த இடத்தில் மரியாதையுடன் ஞாபகப்படுத்துகிறேன். “பேரன்பு கொண்ட பெரியோர்களே! இருட்டில் இருப்பது பேய் அன்று. இருட்டில் இல்லாதது விளக்கு!” என்று நான் கையை நீட்டி ஆரம்பித்ததும் மலையாளம் மீடியம் பிள்ளைகள்கூடக் கை தட்டினார்கள். பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதில் போடச் சோப்பு இல்லாததால் பல்பொடி போட்டு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. தண்ணிக் குழாயில், பள்ளிக்கூட வழியில், எங்கே யார் பேய் என்று சொன்னாலும் “சான்று உண்டா?” என்று கேட்டேன். சான்று என்றால் என்னவென்று தெரியாமல், சாணி கேட்கிறேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் அக்கா ஒருநாள் தன் வீட்டுச் சாணிக்கூடையைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

இப்படி நான் திரிவது என் பெஞ்சுத் தோழி முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. “மைக்குக்கு முன்னால எல்லாரும் வீரந்தான்டி. தனியா முனியறைக்குப் போய்ட்டு வா பாப்போம். அங்க இருக்கிற கல்லுல ஒன் ரிப்பனக் கட்டிட்டு வந்தேன்னா, நான் ஒன்னைய அக்கான்னு கூப்பிடுறேன்” என்றாள். அவள் என்னைவிட மாசக்கணக்கில் மூத்தவள் மாமா. அவள் வாயால் அக்கா என்று கேட்கிற ஆசை இருக்கிறதே, அது சோப்புப் பெட்டியைவிடப் பெரிசாகத் தெரிந்தது.

முனியறை என்றால் தங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பள்ளிக்கூட ரோட்டில் ஒரு வளைவு வரும். அங்கேயிருந்து ஒத்தையடிப் பாதை பிரிந்து காட்டுக்குள் ஏறிப் புல்மேட்டைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைக்குப் போகும். பாறை மேல் பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, ரொம்ப ரொம்ப முற்காலத்து ஆட்கள் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மலையாளத்துக்காரர்கள் அதை ‘முனியற’ என்கிறார்கள். முனிவர் தங்கின ரூம் என்று அர்த்தம். நம்ம ஆட்கள் மலையேறி வந்து அந்தப் பேரைக் கேட்டபோது, நம்ம ஆட்களுக்கு முனி என்றால் சுருட்டும் அரிவாளும் வைத்திருக்கிற முனிதான், அறை என்றால் கன்னத்தில் விழுகிறதுதான். ஆகவே அது முனி அறைகிற இடம் என்று ஆகிவிட்டது. எங்கள் லயத்தில் பிறந்த பிள்ளை எதுவும் அந்தப் பக்கம் விரலைக்கூட நீட்டாது. எங்கள் சரித்திர வாத்தியார் அமிர்தநாதன் சார் மட்டும், “முனியும் இல்ல, அறையும் இல்ல. அது அந்தக் காலத்து ஆளுக தங்களோட செத்தவங்களுக்குக் கட்டின கல்லறை” என்று சொன்னார். அவர் தைரியம் சொல்வதற்காகத்தான் சொன்னார். கல்லறை என்று கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொன்னேன். அம்மா பாவம், ஸ்பெஷல் கிளாஸ் என்றதும் ஸ்பெஷலாக அவித்த கப்பைக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். முதல்நாள் ராத்திரி பயத்தில் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. பூப்போட்ட பாவாடையில் போனால் சந்தேகம் வரும் என்று வெள்ளைத் தாவணியும் நீலப் பாவாடையுமாக யூனிஃபாரத்திலேயே கிளம்பினேன். இந்த வெள்ளைத் தாவணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மாமா, பின்னால் வேலை இருக்கிறது.

வளைவில் பாதை பிரிகிற இடத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு நுழைந்தேன். நுழைந்ததும் யாராவது பார்த்து ‘எங்கடி போற’ என்று திருப்பிக் கூட்டிப்போக மாட்டார்களா என்று இருந்தது. ஒரு ஜீவன் இல்லை. சோலைக்குள் பகலிலேயே சாயங்காலம் மாதிரி இருந்தது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் என் பின்னால் யாரோ வருகிற மாதிரியே கேட்டது. நான் நின்றால் அதுவும் நிற்கும் என்று நினைத்தேன், நிற்காமல் வந்ததால் இன்னும் பயமாகிவிட்டது. சரி, பேச்சை ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று “பேரன்பு கொண்ட பெரியோர்களே!” என்று சத்தமாக ஆரம்பித்தேன். பக்கத்துப் புதரிலிருந்து பெரியோர் ஒருவர் படபடவென்று அடித்துக்கொண்டு எழும்பிப் பறந்தார். காட்டுக்கோழி! நான் உட்கார்ந்தே விட்டேன். உட்கார்ந்த இடத்தில் அட்டைகள். தாங்கள் எழுதின பேச்சில் அட்டைக்கு ஒரு வரியும் இல்லை. புகையிலைத் தண்ணி கொண்டு போகணும் என்று லயத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் பரிசுக்காரிக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு, கால் முழுக்க ரத்தமாக, பேச்சை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டே ஏறினேன். போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை சொன்னேனோ, வாய் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

பாறைக்கு ஏறுகிற கடைசி இடத்தில் சறுக்கிவிட்டது. சறுக்கும்போது கையில் எது அகப்படுகிறதோ அதைத்தானே பிடிப்போம்? நான் தொட்டாலே தடிக்கிற செந்தட்டிச் செடியைப் பிடித்தேன். வலது கையால், நன்றாக இறுக்கி, உறவுக்காரர் கையைப் பிடிக்கிற மாதிரி. கை திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. புல்லில் தேய்த்தேன், ஊதினேன், திட்டினேன், ஒட்டின சுணை போகவில்லை. ஆனால் மேலே வந்துவிட்டேன் மாமா. தனியாக.

மேலே வந்து பார்த்ததும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. கோட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாலு பக்கமும் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல், அவ்வளவுதான். வரிசையில் சிலது சாய்ந்துவிட்டது, சிலது மூடி விழுந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, ஒன்றே ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. குனிந்து உள்ளே பார்த்தால் எங்கள் லயத்து வீட்டைவிடக் கொஞ்சம்தான் சின்னது. எங்கள் வீட்டில் உயிரோடு ஐந்து பேர் இருக்கிறோம், இதில் செத்த ஆள் ஒருத்தருக்கே இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பொறாமையாகக்கூட இருந்தது. பாறை விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே நம்ம போடிச் சமவெளி பூராவும் வெயிலில் கிடந்தது. மலை ரோட்டில் ஒரு பஸ் வண்டு மாதிரி ஊர்ந்து கொண்டிருந்தது. தங்கள் சைக்கிள் கடை தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. இருந்தாலும் “மாமா, வந்துட்டேன்!” என்று கத்தினேன். கேட்டதா? சனிக்கிழமை மத்தியானம் தங்களுக்குத் தும்மல் வந்திருந்தால் அது நான்தான்.

ஒரு பக்கத்துச் சடையை அவிழ்த்து, சிவப்பு ரிப்பனை அந்த முழுக்கல்லைச் சுற்றிக் கட்டப் பார்த்தேன், எட்டவில்லை. கல் இடுக்கில் வளர்ந்திருந்த செடியில் பூ மாதிரி கட்டினேன். கட்டி முடித்ததும் கீழேயிருந்து பனிமூட்டமாக மஞ்சு ஏறி வந்தது. போடி மறைந்தது, ரோடு மறைந்தது, புல்மேடு மறைந்தது, நானும் கல்லும்தான் பாக்கி. மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கும்பிட்டுவிட்டுக் கல்லறைக்குள் நுழைந்தேன். கும்பிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உள்ளே உட்கார்ந்து கிழங்கைத் தின்றேன். மழை மேல்கல்லில் சடசடவென்று விழுகிறது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கம்பெனி கட்டிக் கொடுத்த எங்கள் வீட்டில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்துத்தான் படுப்போம். பேர் தெரியாத யாரோ, தங்கள் வீட்டில் செத்துப்போனவர் மேல் மழை படக்கூடாது என்று இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் பயம் போய்விட்டது. பயம் போனதுதான் தப்பாகப் போயிற்று. ராத்திரி தூங்காத தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. நனைந்த முடி காயட்டும் என்று இன்னொரு சடையையும் அவிழ்த்துப் போட்டு, வலது கையைக் கன்னத்துக்குக் கொடுத்துச் சுருண்டு படுத்துவிட்டேன். எந்தக் கை என்று கவனித்தீர்களா? செந்தட்டிக் கை.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. யாரோ செருமுகிற சத்தத்தில் கண்ணைத் திறந்தால், வாசலை மறைத்துக்கொண்டு தாடியும் கம்பளியுமாக ஓர் உருவம் பீடியோடு குனிந்து நுழைகிறது. எனக்குத் தூக்கக் கலக்கம். கத்தணும் என்று வாயைத் திறந்தேன். ‘அய்யோ’ என்றோ ‘அம்மா’ என்றோ வந்திருக்க வேண்டிய இடத்தில், காலையிலிருந்து பழகின வாய், “பேரன்பு கொண்ட பெரியோர்களே!” என்று கணீரென்று சொல்லிவிட்டது.

“எண்டம்மே! யட்சி!” என்று அந்த உருவம் பின்னாலேயே பாய்ந்தது. பாயும்போது மேல்கல்லில் தலை இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது, அது காட்டு வாச்சர் குட்டப்பன் சேட்டன். மழைக்கு ஒதுங்க வந்திருக்கிறார். மலையாளத்துப் பெண்பேய் யட்சிக்கு வெள்ளைச் சேலையும் விரித்த தலையும்தான் அடையாளம். விரித்த தலையும் வெள்ளைத் தாவணியும் காலில் ரத்தமுமாகக் கல்லறைக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து பிரசங்கம் செய்தால் அவரும்தான் என்ன செய்வார்? அவர் ஒரு பக்கம் ஓடினார், நான் இன்னொரு பக்கம் ஓடினேன். இரண்டு பேரில் யார் அதிகம் பயந்தோம் என்று இன்றுவரை தெரியாது. அவர் செக்போஸ்டு டீக்கடை வரைக்கும் நிற்கவில்லையாம். “யட்சி நல்ல சுத்தமான தமிழில் பிரசங்கிச்சு” என்று கடையில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். என் பேச்சை இதுவரை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை.

முடியை ஒற்றைச் சடையாக வாரிப் பின்னிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற முகமாக முகத்தை வைத்துக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தேன். தண்ணிக் குழாயில் கத்தரீனாள் அக்கா நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே போட்டார்கள்.

“ஏ மூக்கம்மா! ஓடியா, ஓடியா! ஒம் மக கன்னத்தப் பாரு!”

அம்மா வந்தாள். “யாருடி ஒன்னைய அறைஞ்சது?”

“யாரும் அறையலையே.”

“யாரும் அறையலையாம்ல!” என்றார்கள் கத்தரீனாள் அக்கா. “அப்ப கண்ணுக்குத் தெரியாததுதான் அறைஞ்சிருக்கு.”

குழாயடித் தொட்டித் தண்ணீரில் எட்டிப் பார்த்தேன். என் வலது கன்னத்தில் ஐந்து விரலும் தனித்தனியாக, வரிவரியாகத் தடித்து, சிவந்து நின்றது. சுண்டு விரல்கூட விட்டுப் போகவில்லை. என் கையே என் கன்னத்தில் அச்சுப் போட்டிருந்தது மாமா. நானே என்னை அறைந்துகொண்டு வந்திருக்கிறேன், அதுவும் தூங்கிக்கொண்டே.

“எந்த வழியா வந்த?” என்றாள் அம்மா.

“எப்பவும் போல வளைவு வழியாத்தான்.”

“முனியறைக்குப் பிரியுற வளைவு!” என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். “ரிப்பன் எங்கடி ஒண்ணக் காணோம்?”

“அது... அது தெரியலம்மா.”

“ரிப்பனையும் புடுங்கிருச்சு!”

கத்தரீனாள் அக்கா தன் கையை என் கன்னத்துக்கு நேரே இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, “வலது கன்னத்துல விழுந்திருக்குல்ல, முனி இடதுகைக்காரரு” என்று கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் அம்மா, “எங்க பொன்ராஜ் அண்ணனும் இடது கைதான்” என்று எதற்கோ சொல்லி அழுதாள். தங்கள் பேர் இதில் அடிபட்டதைச் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

செந்தட்டி என்று சொல்லலாம்தான். அங்கேதான் சிக்கல். பள்ளிக்கூட ரோட்டில் செந்தட்டி எங்கே இருக்கிறது? எங்கே பிடித்தாய், ஏன் பிடித்தாய் என்று இழுத்தால், ஸ்பெஷல் கிளாஸ் பொய் வரும், தனியாகக் காட்டுக்குள் போனது வரும். முனி அறைந்தது போதாது என்று அப்பாவும் அறைவார். அவர் வலது கைக்காரர், இடது கன்னம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. அதனால் பேசாமல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் எதுவும் கேட்காமல், எல்லா வியாதிக்கும் போடுகிற ஊதா மருந்தை எடுத்து, தடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் கவனமாகத் தடவி அனுப்பினார். சிவப்பாக இருந்தபோது பக்கத்தில் வந்தால்தான் தெரிந்தது. ஊதா ஆனபிறகு எதிர்மலையிலிருந்து பார்த்தாலும் ஐந்து விரல் தெரிகிறது. இன்றைக்குக் காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று என் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இதுவாவது ஆறிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கத்தில் நான் பேசியிருக்கிறேன். என்ன பேசியிருப்பேன்? வேறு என்ன தெரியும் எனக்கு? “இருட்டில் இருப்பது பேய் அன்று!” என்று கையை நீட்டி முழங்கியிருக்கிறேன். ‘அன்று’ என்று பேசுகிறவர் எங்கள் லயத்தில் யாரும் இல்லை. “இது நம்ம காலத்து ஆளு இல்ல. பழைய ராசா காலத்து முனி” என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். வாச்சர் சொன்ன சுத்தத் தமிழ் யட்சியும் அதே ராத்திரி டீக்கடையிலிருந்து லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கதை கட்ட எங்கள் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்? அங்கே யட்சி, இங்கே முனி, புருசன் பெண்டாட்டிச் சண்டையாம், நடுவில் போன என் கன்னத்தில் விழுந்துவிட்டதாம்.

நான் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். “அப்பா, மலையாளத்துல அறைன்னா ரூமுன்னு அர்த்தம். அமிர்தநாதன் சார் சொன்னாரு.”

“அப்ப ரூமுக்குள்ள கூப்ட்டு வச்சு அறைஞ்சிருக்கு” என்றார் அப்பா.

முத்துப்பேச்சியாவது எனக்குச் சாட்சி சொல்வாள் என்று நேற்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு, செந்தட்டி, தூக்கம், கை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். “நான் சும்மாதான்டி சொன்னேன், நீ நெசமாவா போன? நீ தூங்குறப்பதான் அறைஞ்சிருக்கும்!”

“அது செந்தட்டிடி!”

“அந்த எடத்துல செந்தட்டிய வளத்தது யாரு?”

இதற்குத் தங்கள் பேச்சில் பதில் இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடினேன் மாமா. இல்லை. அவள் இப்போது வேறு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எட்ட நின்று பயத்தோடு என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

இதுவரைக்கும் சிரிப்பாக எழுதிவிட்டேன். இனிமேல் வருவது சிரிப்பு இல்லை. இன்று சாயங்காலம் அப்பா கங்காணியிடம் பேசிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். “பொம்பளப் புள்ளைய அந்த வழியா அனுப்புனதே தப்பு. பள்ளிக்கூடம் போனது போதும். வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து எறக்கி விட்டுட்டா, ஒண்ணாந்தேதியிலருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகட்டும். பேரு பதியச் சொல்லிட்டேன்.” அம்மா கூடைக்கயிற்றை எடுத்து என் தலைக்கு அளவு பார்த்தாள். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில் மாமா. பாஸ் பண்ணினால் போடிக்குக் கூட்டிப் போய் டீச்சர் டிரெயினிங் சேர்த்துவிடுகிறேன் என்று தாங்கள் பொங்கலுக்குச் சொன்ன வார்த்தையைத்தான் நான் தினமும் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிறேன். உண்மையைச் சொன்னால் பொய் சொல்லித் தனியாகக் காட்டுக்குப் போன பிள்ளை என்று பள்ளிக்கூடம் நிற்கும். சொல்லாவிட்டால் முனி பிடித்த பிள்ளை என்று நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் கூடைதான்.

கோடாங்கியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. போன வருசம் கீழ் டிவிஷனில் ஒரு அக்காவுக்கு ஓட்டினார். உடுக்கை அடித்து, வேப்பங்குலையால் அடித்து, மிளகாய்ப் புகை போட்டு, “நீ யாரு? எங்கிருந்து வந்த? என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அக்கா கடைசியில் சேவலும் சாராயமும் வேண்டும் என்று சொன்ன பிறகுதான் விட்டார். உச்சி முடியை அறுத்து மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். அந்த முடிக்கொத்து இன்னும் மரத்தில் இருக்கிறது. எனக்கு இருக்கிற ஒரே அழகு என் முடிதான் என்று அத்தையே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே மாமா, இந்தக் கடிதம் கண்டவுடன் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கட்டாயம் புறப்பட்டு வரவும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரவும். அப்பாவுக்கு இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சுக்கு மரியாதை என்றால் அது தங்கள் பேச்சுக்குத்தான். கோடாங்கிக்கு எதிரே நின்று, முனியும் இல்லை, பேயும் இல்லை, இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நீங்கள் முழங்கணும். பொங்கலுக்கு வந்திருந்தபோது ராத்திரி வெளியே போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டீர்களே, அது குளிருக்காகத்தான் என்று நான் இன்னமும் நம்புகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் வராவிட்டாலும் சொல்ல மாட்டேன். வருவது நல்லது.

அத்தைக்கு என் அன்பான விசாரிப்புகள். தாங்களும் தங்கள் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், முனி கினி இல்லாமல், நூறு சைக்கிள் வைத்து வாழ்க. பாதம் தொட்டு வணங்குகிறேன் என்று எழுதினால் சுயமரியாதை எங்கே என்று திட்டுவீர்கள். ஆகையால் குப்புறப் படுத்தபடியே வணங்கும்,

தங்கள் அன்பு மருமகள்,
பி. வேலுத்தாய்,
பத்தாம் வகுப்பு (இன்றுவரை).

பி.கு.: மாமா, மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு லைட்டை அணைத்துப் படுத்திருந்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பா அம்மாகிட்ட மெதுவாப் பேசினார். அப்பா குரல் அப்படி உடைஞ்சு நான் கேட்டதே இல்லை. “அழுவாத மூக்கம்மா. புள்ளைய விட்டாப் போதும். முனி வாயத் தொறந்து என்ன கேட்டாலும் சரி, எதுவா இருந்தாலும் குடுத்துர்றேன்னு வேண்டிக்கிட்டேன்” என்றார். எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசிச்சேன். மகள் கேட்டா அப்பாவால குடுக்க முடியாது, கங்காணிகிட்ட வாக்குக் குடுத்துட்டார். முனி கேட்டா குடுக்கலாம், யாரும் அவரை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கோடாங்கி “நீ யாரு, என்ன வேணும்”னு கேட்பாருல்ல, முதல் தடவை கேட்டவுடனே, மிளகாய் போடுறதுக்கு முந்தியே, பதில் சொல்லிரலாம்னு இருக்கேன். சுத்தத் தமிழ்தான். “பேரன்பு கொண்ட பெரியோர்களே!”னு உங்க வரியிலயே ஆரம்பிச்சு, “இப்பெண் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று ஆசிரியை ஆகும்வரை யாம் இவளுக்குக் காவல் நிற்போம், பள்ளியை நிறுத்தினால் இந்த லயத்தில் ஒரு கன்னமும் தப்பாது, இவள் முடியில் எவரும் கை வைக்கலாகாது”ன்னு முடிச்சிருக்கேன். காலையில தண்ணிக்குப் போறப்ப சொல்லிப் பார்த்து மனப்பாடம் பண்ணணும். நெசமாவே அங்க முனி ஒருத்தர் இருந்தா, கோவிச்சுக்கிட மாட்டார்னு நம்புறேன், அவர் வீட்டுல ஒரு மழைக்கு ஒதுங்கினவ நான். அதனால நீங்க வந்து பேயும் இல்ல முனியும் இல்லன்னு பேசிக் காரியத்தைக் கெடுத்துராதீங்க மாமா. வந்தா வெள்ளைச் சட்டையில வாங்க, விபூதி குடுத்தாப் பூசிக்கங்க, நான் பேசி முடிச்சதும் அப்பா தோள்ல கையப் போட்டு, “முனி வாக்கு மாப்ள, தட்டக் கூடாது”ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சேவல், சாராயம், சுருட்டு ஒண்ணும் வேணாம். முனி கணக்குல கொஞ்சம் மோசம். வரும்போது பத்தாங்கிளாஸ் கணக்கு கைடு ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாங்க.